துப்பாக்கி கேட்டவனிடம் கரண்ட் பில் கேட்டேன்

இந்த வருடம், இரண்டாயிரத்து இரண்டில், ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டில் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். 'கூட்டத்தில் புகுந்து சுடுகிறவனைத் துப்பாக்கிச் சட்டம் தடுக்குமா, தடுக்காதா' என்று தலைப்பு. போன வருடம் 'குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா' என்று பேசிய அதே ஆறு பேர்தான் இதையும் பேசினார்கள். அதில் ஒருவர் இதய டாக்டர். மூன்று பேர் எண்ணெய்க் கம்பெனி. மற்ற இரண்டு பேர் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று அவர்கள் மனைவிமாருக்கே சரியாகத் தெரியாது. ஆறு பேரில் ஒருத்தர்கூடத் துப்பாக்கியைக் கையால் தொட்டவர் இல்லை. கடைசியில் நடுவர் எழுந்து, சட்டமும் வேண்டும், மனித மனமும் மாற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் கைதட்டிவிட்டுச் சர்க்கரைப் பொங்கலுக்கு வரிசையில் போய் நின்றார்கள்.

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் ஓய்வு பெறும் வரைக்கும் இதே ஊருக்குப் பக்கத்தில் துப்பாக்கி விற்றவள் நான். என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கல் வரிசையில் நின்றபோது விழா மலர் போடுகிற பெண் மட்டும் பக்கத்தில் வந்து, "ஆன்ட்டி, நீங்க கன் ஷாப்ல வேலை பாத்தீங்களாமே. அத பத்தி எழுதிக் குடுங்களேன். லைட்டா, காமெடியா" என்றாள். எழுதித் தருகிறேன். லைட்டாக இருக்குமா என்று தெரியாது. ஒரு வரிகூட வெட்டாமல் போட வேண்டும்.

என் பெயர் கோமதி. கல்லூரி முடித்ததும் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸில் வேலை கிடைத்தது. துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கிற பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான்: இழுத்தடிப்பது. மலையடிவாரத்து விவசாயி ஒருத்தர் வயலைக் காட்டுப்பன்றி மேய்கிறது என்று துப்பாக்கிக்கு மனுக் கொடுப்பார். அதைத் தாசில்தாருக்கு அனுப்புவோம். தாசில்தார் கீழே அனுப்புவார். போலீஸுக்கு ஒரு நகல் போகும். தாசில்தார் அறிக்கையும் போலீஸ் அறிக்கையும் ஒரே நேரத்தில் வந்து நான் பார்த்ததில்லை. ஒன்று வரும்போது இன்னொன்று காலாவதி ஆகியிருக்கும். மனுவில் இனிஷியல் முன்னால் இருக்கும், ரேஷன் கார்டில் பின்னால் இருக்கும். திருப்பி அனுப்புவோம். லஞ்சம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. கொடுத்தாலும் தாமதம்தான். ஒருத்தருக்கு லைசென்ஸ் கையெழுத்தாகி வந்தபோது அவர் செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. மகன் வந்து நின்றான். புதிதாக மனுக் கொடுக்கச் சொன்னோம். பன்றி அதற்குள் பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

இது நல்ல நிர்வாகம் என்று நான் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது என்று சொல்கிறேன்.

தொண்ணூற்று ஒன்றில் என் நாத்தனார் ஸ்பான்சர் பண்ணி நாங்கள் டெக்சாஸ் வந்தோம். வீட்டுக்காரருக்கு ஒரு குழாய்க் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை கிடைத்தது. நான் ஃப்ரீவே ஓரத்தில் இருந்த ஒரு பெரிய கடையில் கேஷியராகச் சேர்ந்தேன். தூண்டில், கூடாரம், படகு, துப்பாக்கி எல்லாம் விற்கிற கடை. துப்பாக்கிப் பிரிவுக்கு மேனேஜர் டேல். அறுபதை நெருங்குகிற வெள்ளைக்காரர், ஒல்லி. நான்கு சொல்லில் முடிகிற பேச்சை அரை நிமிடம் பேசுவார். என் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "மிஸ் ஜி" என்று முடித்துக்கொண்டார். அவருடைய விற்பனைக் காகிதங்கள் அட்டைப்பெட்டியில் குப்பையாகக் கிடந்தன. சும்மா இருந்த நேரத்தில் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, ஓட்டை போட்டு, கயிறு கோத்துக் கட்டினேன். கலெக்டர் ஆபீஸ் பழக்கம். டேல் அந்தக் கட்டை வெகுநேரம் பார்த்தார். மறுவாரம் என்னைத் துப்பாக்கிக் கவுண்டருக்கு மாற்றிக்கொண்டார்.

முதல் நாள் ஒரு காரியம் நடந்தது. ஒருத்தன் வேட்டைத் துப்பாக்கி ஒன்று வேண்டும் என்றான். படிவம் நிரப்பினான். டேல் டிரைவிங் லைசென்ஸைப் பார்த்தார், அவன் பணம் கட்டினான், தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் ரெஸ்ட் ரூம் போய்விட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "மீதி விசாரணை எப்போ?" என்று டேலைக் கேட்டேன். "எந்த மீதி?" என்றார்.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'நீங்கள் போலீஸுக்குத் தப்பி ஓடிக்கொண்டிருப்பவரா? ஆம், இல்லை.' 'உங்களுக்குப் புத்தி சரியில்லை என்று கோர்ட் சொல்லியிருக்கிறதா? ஆம், இல்லை.' வாங்குகிறவனே டிக் அடிக்க வேண்டும். நான் பார்த்த வரையில் 'ஆம்' என்று அடித்தவர் ஒரே ஒரு தாத்தா. அவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

டேலுக்குப் படிவத்தின் மேல் மரியாதை உண்டு, நம்பிக்கை கிடையாது. அவருடைய விசாரணை வேறு. துப்பாக்கியை எடுப்பார். உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்ப்பார், விரலை விட்டும் பார்ப்பார். திறந்த நிலையிலேயே ரப்பர் விரிப்பின் மேல் வைப்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "இத வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். அந்த மௌனம் தாங்காமல் வந்தவன் பேசுவான். மான், புறா, பாம்பு, பக்கத்து வீட்டு நாய், மாமனார். எதையாவது பேசிக்கொண்டே இருப்பான்.

"பேசுறவன் பரவாயில்ல, மிஸ் ஜி. வெல கேக்காம வாங்குறவன் வந்தா என்ன கூப்பிடுங்க" என்றார் ஒரு நாள்.

"ஏன்?"

"அடுத்த மாசம்னு ஒண்ணு இருக்குறவன் வெல கேப்பான்."

இதைவிடக் கூடுதலாக அவர் எனக்கு எதுவும் கற்றுத்தரவில்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். தொண்ணூற்று நான்கில் ஒரு சட்டம் வந்தது. கைத்துப்பாக்கி வாங்குகிறவன் எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்து வேலை நாள் காத்திருக்க வேண்டும். எனக்குப் பரம சந்தோஷம். அமெரிக்காவுக்கு இப்போதுதான் கொஞ்சம் புத்தி வருகிறது என்று நினைத்தேன். கடைக்கு வந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். நானே போய் வாஷிங்டனில் எழுதிவிட்டு வந்த மாதிரி திட்டினார்கள். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. ஒருத்தன் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து, பெண்டாட்டி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள், கட்டின பணத்துக்கு ஒரு கூடாரம் கொடுத்துவிடுங்கள் என்றான். நல்ல கூடாரமாகப் பார்த்துக் கொடுத்தேன்.

அதிலும் ஒரு வேடிக்கை. நீளத் துப்பாக்கிக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. கோபம் வந்தவன் குட்டையாகத்தான் வாங்குவான் என்று எவனோ முடிவு செய்திருக்கிறான்.

அதே வருடம் இன்னொரு சட்டம் வந்தது. பட்டாளத்துத் துப்பாக்கி மாதிரி இருப்பதைப் புதிதாகச் செய்யக் கூடாது. சட்டம் வரப்போகிறது என்ற செய்தி போதும், எங்கள் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். வாழ்க்கையில் துப்பாக்கியே வேண்டாம் என்று இருந்தவன்கூட, நாளைக்குக் கிடைக்காது என்றதும் இரண்டாக வாங்கினான். சட்டம் வந்த பிறகு கம்பெனிக்காரர்கள் முனையில் கத்தி மாட்டுகிற கொக்கியை அறுத்தார்கள், பிடியை மாற்றினார்கள், வேறு பெயர் வைத்து அனுப்பினார்கள். குழாய் அதே குழாய். தோட்டா அதே தோட்டா. ஒரு வீட்டில் பெண் தர மாட்டோம் என்று சொல்லப்பட்ட மாப்பிள்ளை, மீசையை எடுத்துவிட்டு அடுத்த தெருவில் பெண் பார்க்கப் போன மாதிரி.

தொண்ணூற்று எட்டின் கடைசியில் ஐந்து நாளை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக டெலிஃபோன். மத்திய அரசு ஆபீஸ் ஒன்றைக் கூப்பிட்டுப் பெயர், பிறந்த தேதி சொன்னால் அவர்கள் கம்ப்யூட்டரைத் தட்டி, 'கொடு' அல்லது 'கொடுக்காதே' என்பார்கள். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பெரிய முன்னேற்றம் என்றார்கள். அந்த டெலிஃபோனுக்கு ஒருத்தன் நேற்று வரைக்கும் என்ன செய்தான் என்று தெரியும். திங்கட்கிழமை என்ன செய்வான் என்று அதற்குத் தெரியாது.

அந்தச் சமயத்திலேயே விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது என்றும் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தால் விற்கலாம். வேட்டை லைசென்ஸ் எங்கே கிடைக்கும்? எங்கள் கவுண்டரிலேயே, நான்கு அடி தள்ளி. அதை விற்கிறவளும் நான்தான். சட்டம் போட்டவனைப் பார்த்தால் ஒரு நமஸ்காரம் போட வேண்டும்.

தொண்ணூற்று ஒன்பதில், எண்ணெய் விலை விழுந்து ஹூஸ்டனில் கம்பெனி கம்பெனியாக ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ரகு கடைக்குள் வந்தான். ரகுநாதன். சாஃப்ட்வேர் ஆள், முப்பதைத் தாண்டிய வயது, கோயிலில் பார்த்துப் பழக்கம். கோயில் சாப்பாட்டில் சாம்பாரில் வெங்காயம் போட்டிருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வான். அவ்வளவு ஆசாரம். சவரம் செய்யாத முகத்தோடு நேராக என் கவுண்டருக்கு வந்தான்.

"என்ன ரகு, கோயில் பக்கமே காணோம்."

"பிஸி ஆன்ட்டி. ஒரு பிஸ்டல் வேணும்."

"எதுக்கு?"

"வீட்டு செக்யூரிட்டிக்கு."

அவன் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட். திருடன் உள்ளே நுழைந்தால் ரைஸ் குக்கரைத்தான் எடுத்துப் போக வேண்டும்.

"எந்த பிஸ்டல்?"

கண்ணாடிக்குள் கையைக் காட்டினான். "அது. எக்ஸ்ட்ரா மேகசின் ரெண்டு. இல்ல, மூணு குடுங்க."

தோட்டா அடைக்கிற கூடு மூன்று கேட்டவன் விலை கேட்கவில்லை. தமிழன் பச்சை மிளகாயைக்கூட விலை கேட்காமல் வாங்க மாட்டான். இந்த ஊரில் பத்து சென்ட் கூப்பனுக்குப் பத்து மைல் டிரைவ் பண்ணிப் போகிறவர்கள் நாம். டேல் எங்கே நிற்கிறார் என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

"தம்பி, நீங்க ஹெச்-1 தான? விசாவுல இருக்கவங்களுக்கு விக்கக் கூடாது. சட்டம் வந்திருக்கு."

"ஹண்ட்டிங் லைசென்ஸ் இருந்தா விக்கலாம் ஆன்ட்டி. படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். அதையும் குடுங்க."

"என்ன வேட்டையாடப் போறீங்க?"

"மான்."

"மானுக்கு இப்ப சீசன் இல்ல."

"எதுக்கு சீசன்?"

"காட்டுப்பன்னிக்குத்தான். வருஷம் பூரா சுடலாம்."

"அப்ப பன்னி."

"பன்னிய சுட்டு என்ன பண்ணுவீங்க? நீங்கதான் வெங்காயமே சாப்பிட மாட்டீங்களே."

"ஃப்ரெண்ட்ஸுக்குக் குடுப்பேன். ஆன்ட்டி, லைசென்ஸ் குடுக்கப் போறீங்களா, இல்லையா?"

கொடுத்தேன். கேட்டால் கொடுக்க வேண்டியதுதான் சட்டம். அதைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, "இன்னிக்கு லீவா?" என்று கேட்டேன்.

"லே ஆஃப். நேத்து."

"அடப்பாவமே. அப்ப விசா?"

"மாசக் கடைசி வரைக்கும் பே ரோல்ல வச்சிருக்காங்க. அதுக்குள்ள வேற ஜாப் கெடைக்கணும், இல்ல மூட்டையக் கட்டணும்." பிறகு அவனாகவே சொன்னான்: "மண்டே காலைல ஒம்போது மணிக்கு வந்து டெஸ்க்ல இருக்கறத எடுத்துட்டுப் போகச் சொல்லிருக்காங்க. நேத்து செக்யூரிட்டி என்ன கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போறான் ஆன்ட்டி, ஃப்ளோர்ல ஒருத்தன் தலையத் தூக்கல. எல்லாம் மானிட்டரையே பாத்துட்டு ஒக்காந்திருக்கானுங்க. மண்டேயும் எல்லாரும் இருப்பாங்க. ஒருத்தன் விடாம."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குச் சில வாரம் முன்னால்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பிள்ளைகளே சுட்டதை நாள் முழுக்க டிவியில் காட்டினார்கள்.

அந்த ஐந்து நாள் சட்டம் இருந்திருந்தால் எனக்கு இதில் வேலையே இல்லை. வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரக் கடைசியில்தான் கையில் கிடைத்திருக்கும். திங்கட்கிழமை தானாகக் கடந்திருக்கும். அது இல்லை. என் மேஜையில் இருந்தது ஒரு டெலிஃபோன்.

படிவத்தைக் கொடுத்தேன். கடகடவென்று நிரப்பினான். வாங்கிப் பார்த்தேன். டிரைவிங் லைசென்ஸில் ரகுநாதன் சுப்பிரமணியன். பாஸ்போர்ட்டில் சுப்பிரமணியன் ரகுநாதன். எனக்குத் திருநெல்வேலி ஞாபகம் வந்தது.

"பேரு முன்னபின்ன இருக்கே தம்பி. வேற படிவத்துல திருப்பி எழுதுங்க."

எழுதினான். பேனா அழுத்தத்தில் காகிதம் கிழிந்தது.

"கிழிஞ்சத ஏத்துக்க மாட்டாங்க. இன்னொண்ணு எழுதுங்க."

எழுதினான்.

"விசாக்காரங்க மூணு மாசமா இதே ஊர்ல இருக்கோம்னு காமிக்கணும். கரண்ட் பில் கொண்டு வந்திருக்கீங்களா?"

இது நானாகச் சொன்னது இல்லை. விதியில் உண்டு.

"கரண்ட் பில்லா? துப்பாக்கிக்கா?"

"ஆமா. மூணு மாசத்து பில்."

முறைத்தான். காரை எடுத்துக்கொண்டு போனான். நான் டேலிடம் ஓடினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விக்காதீங்க. விக்க மாட்டேன்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு" என்றார்.

"சொன்னா ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடகுக் கடைக்குப் போவான். அவன் கேள்வி கேக்க மாட்டான்."

"இப்ப மட்டும் போயிருக்க மாட்டானா?"

"மாட்டான். பில்ல எடுத்துட்டு இங்கதான் வருவான்."

"எப்படித் தெரியும்?"

டெக்சாஸ்காரருக்கு இதை எப்படி விளக்குவது? நம் ஊரில் படித்து வளர்ந்தவனிடம், எல்லாம் சரி, இன்னும் ஒரே ஒரு பேப்பர் மட்டும் கொண்டு வா என்றால் போதும். அவன் வந்த காரியத்தை மறந்துவிடுவான். அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து உன் முகத்தில் விட்டெறிவதுதான் அவனுக்கு வாழ்க்கை லட்சியம் ஆகிவிடும். வேறு கடைக்குப் போனால் தோற்றுப்போன மாதிரி. "ஊர்ல எனக்கு இதுதான் வேல" என்று மட்டும் சொன்னேன்.

டேல் புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "சரி. ஆனா கடைசியில துப்பாக்கி அவன் கைக்குப் போகக் கூடாது" என்றார்.

நான் சொன்னபடியே ரகு வந்தான். மூன்று பில். கவுண்டரில் அறைந்து வைத்தான். நான் டெலிஃபோனை எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். நம் பெயர்களில் அது ஒரு வசதி. அந்தப் பக்கம் கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். கொடு என்றார்கள். அரசாங்கத்துக்கு அவன்மேல் எந்தக் குறையும் இல்லை. டிராஃபிக் டிக்கெட்கூடக் கிடையாது.

"என்ன சொன்னாங்க?"

"ஓகே சொன்னாங்க." பில்லைக் கையில் எடுத்தேன். "இது யார் பேர்ல இருக்கு?"

"என் வொய்ஃப் பேர்ல."

"உங்க பேர்ல வேணுமே."

"ஆன்ட்டி, ஒரே வீடு. அவ என் வொய்ஃப்."

"அது எனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியாதே. வித்யாவ ஒரு எட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"அவ கோயம்புத்தூர்ல இருக்கா. டெலிவரிக்குப் போயிருக்கா."

"எப்ப டேட்?"

"அடுத்த மாசம்."

"வேல போனத சொல்லிட்டீங்களா?"

பில்லை என் கையிலிருந்து பிடுங்கினான். பிறகு வெடித்தான். கூடாரம் வாங்க வந்த குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது.

"என்ன நெனச்சிட்டிருக்கீங்க நீங்க? இது அமெரிக்காவா, தாலுகா ஆபீஸா? பன்னிக்கு சீசன் கேக்கறீங்க, பேரு முன்னபின்ன இருக்குங்கறீங்க, இப்ப வொய்ஃப கூட்டிட்டு வாங்கறீங்க. உங்கள மாதிரி ஆளுங்களுக்குப் பயந்துதான் நான் அந்த ஊர விட்டே வந்தேன். இங்கயும் வந்து ஒக்காந்திருக்கீங்க."

"சத்தம் போடாதீங்க தம்பி."

"போடுவேன். உங்க மேனேஜர் யாரு? நான் கம்ப்ளெய்ன்ட் பண்ணணும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. கலெக்டர் ஆபீஸில் என்னைத் திட்டாத ஆள் கிடையாது. உன்னை விட மாட்டேன், மேலே எழுதுகிறேன் என்று கத்தினவர்கள் அத்தனை பேரும் மறுநாள் மனுவோடுதான் வந்தார்கள், கத்தியோடு இல்லை. புகார் கொடுக்கிறவனுக்கு நாளைக்கு என்று ஒன்று இருக்கிறது.

"அதோ நிக்கிறார், டேல்" என்றேன்.

டேல் தொப்பியைக் கழற்றினார். அவரை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன், அன்றுபோல் மரியாதையாக ஒருத்தரிடமும் நடந்து பார்த்ததில்லை. "வாங்க சார்" என்று ரகுவை உள்ளே தன் அறைக்குக் கூட்டிப்போனார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காபி கொடுத்தார். "மொதல்ல இருந்து சொல்லுங்க. எதையும் விட்டுராதீங்க" என்றார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்துதான் இருந்தது. எனக்குக் கேட்டது. முதலில் என்னைப் பற்றிச் சொன்னான். திமிர் பிடித்தவள், வேலை தெரியாதவள், கோயிலில் பிரசாதம் கொடுக்கும்போதும் இப்படித்தான் என்றான். அது பொய், நான் பிரசாதம் சரியாகத்தான் கொடுப்பேன். டேல் தலையை ஆட்டினார். அப்புறம் பேச்சு மெல்ல அவன் கம்பெனிக்குப் போயிற்று. அவன் மேனேஜர், நான்கு வருடத்தில் எடுக்காத லீவு, கையைப் பிடித்த செக்யூரிட்டி, மானிட்டரையே பார்த்தவர்கள். அதற்கப்புறம் நாற்காலி மட்டும் கிரீச்சென்றது. நான் எட்டிப் பார்க்கவில்லை. மூன்று மேகசினையும் எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினேன்.

வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் போய்விட்டான்.

"உங்க மேல நாலு புகார். அதுல மூணு உண்மை" என்றார் டேல்.

"துப்பாக்கி?"

"இப்போதைக்குக் கெடையாதுன்னுட்டேன். புகார விசாரிக்கணும், விசாரிச்சு முடியிற வரைக்கும் எதுவும் விக்க முடியாதுன்னு சொல்லியிருக்கேன். மண்டே காலைல ஒம்போது மணிக்கு வரச் சொன்னேன்."

"ஒம்போது மணிக்கா? கடையத் தொறக்கறதே பத்துக்குத்தான்?"

"தெரியும்" என்றார்.

அந்த சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நமக்கெதுக்கு இந்த வம்பு? வித்தமா, காச வாங்கிப் போட்டமான்னு இருக்கத் தெரியாதா?" என்றார். பிறகு அவரும் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், என்னிடம் சொல்லாமல், ஒரு டப்பாவில் புளியோதரை எடுத்துக்கொண்டு ரகு வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "கிரிக்கெட்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை நானும் டேலும் எட்டரை மணிக்கே கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தோம். ஒன்பது அடித்தது. யாரும் வரவில்லை. டேல் ரேடியோவைப் போட்டுச் செய்தி கேட்டார். போலீஸ் வண்டி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு ஃப்ரீவேயில் போயிற்று. டேல் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. ரகு. குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, நெற்றியில் விபூதியோடு வந்தான். நேராக டேலிடம் போனான்.

"ஐ-10ல டிராஃபிக், சாரி. என் கம்ப்ளெய்ன்ட் என்னாச்சு?"

டேல் எழுந்து நின்றார். தீர விசாரித்ததில் தவறு என் மேல்தான் என்று தெரியவந்ததாகவும், எனக்குத் தண்டனையாகத் துப்பாக்கிக் கவுண்டரிலிருந்து தூண்டில் கவுண்டருக்கு மாற்றல் போட்டிருப்பதாகவும் சொன்னார். அப்படி ஒன்றும் நாங்கள் பேசி வைக்கவில்லை. ரகு என்னைத் திரும்பிப் பார்த்தான். கேஸ் ஜெயித்தவன் முகம்.

"வேற ஏதாவது வேணுமா சார்?" என்று டேல் கேட்டார்.

கொஞ்சம் யோசித்தான். "அந்த ஹண்ட்டிங் லைசென்ஸ் பணம் திரும்பக் கெடைக்குமா?"

"கெடைக்காது சார்."

"எவ்வளவு அநியாயம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரமே டிக்கெட் போட்டு ஊருக்குப் போய்விட்டான். டெஸ்க்கில் இருந்த சாமானைக் கம்பெனியே பெட்டியில் போட்டு அனுப்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

டேல் சொன்னதைச் செய்தார். ஒரு வாரம் தூண்டில் கவுண்டரில் நின்று மண்புழு விற்றேன். சைவப் பிள்ளைமார் வீட்டில் பிறந்தவள். அதற்கு அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவன் சுட்டிருப்பானா? தெரியாது. பட்டிமன்றத்தில் அந்த டாக்டர் மேஜையைத் தட்டி, சட்டம் தடுத்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். நடக்காத காரியத்துக்கு ஆதாரம் எங்கிருந்து வரும், டாக்டர்? நீங்கள் மாத்திரை கொடுத்து வராமல்போன ஹார்ட் அட்டாக்கை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரகு தமிழன். விலை கேட்காதது எனக்கு உறைத்தது. வெங்காயம் தெரியும், வித்யா தெரியும், எதைச் சொன்னால் எப்படிக் கோபம் வரும் என்று தெரியும். அதே வெள்ளிக்கிழமை அதே கோபத்தோடு ஒரு வெள்ளைக்காரன் வந்து, மரியாதைக்கு விலையும் கேட்டிருந்தால் விற்றிருப்பேன். தேங்க் யூ என்றும் சொல்லியிருப்பேன். அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். கவுண்டரில் எல்லா நாளும் அவனவன் ஊர்க்காரி உட்கார்ந்திருக்க மாட்டாள். கொக்கியை அறுக்கிற சட்டத்தால் பிரயோஜனம் இல்லை. காக்க வைக்கிற சட்டம் வேண்டும். அது எல்லாரையும் தடுக்கும் என்று சொல்ல நான் பட்டிமன்றப் பேச்சாளர் இல்லை. சிலரைத் தடுக்கும். கூடாரம் வாங்கினவனைத் தடுத்தது.

ரகுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சில மாதத்தில் இங்கேயே வேறு கம்பெனியில் வேலை கிடைத்துத் திரும்பி வந்தான். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஹால் எடுத்து ஊரையே கூப்பிட்டான். டேலைக் கூப்பிட்டான், அவர் தொப்பியோடு போய் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஃபோன் பண்ணி, "அங்கிள், நீங்க கண்டிப்பா வரணும்" என்றான். என்னைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை நான் ஒரு திமிர் பிடித்த குமாஸ்தா, அவனுக்கு நியாயமாக வர வேண்டியதைத் தராமல் அலைக்கழித்தவள். இன்றைக்கும் கோயிலில் என்னைக் கண்டால் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவான். அந்தக் குழந்தை அவன் தோளுக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு, நான் கண்ணில் படுகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு போகும்.